அடுப்படி தெரிந்த அயலவர்: மொரிஸ்கோக்களும் கொட்டியாறும்

எங்களில் சிலருடைய பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கும். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 'மூர்' என்று வரும். ரெண்டும் ஒரே சனத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் ரெண்டு சொல்லும் வந்த வழி வேற. சோனகர் தமிழில் இருந்த பழைய சொல். மூர் போர்த்துக்கேயரின் கப்பலில் ஏறி வந்த சொல்.

வட ஆபிரிக்காவின் மேற்கு ஓரத்தில் வாழ்ந்தவர்களை உரோமர்கள் 'மௌரி' என்றார்கள். பிறகு ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஆட்சி செய்த முஸ்லிம்களுக்கு அந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் அதே பெயரை வைத்தார்கள். கடல் கடந்து போன இடமெல்லாம் கண்ட முஸ்லிம்களையும் அப்படியே கூப்பிட்டார்கள். கள்ளிக்கோட்டை மாப்பிளாவும் மூர், கொழும்புச் சோனகரும் மூர், பிலிப்பைன்ஸில் மின்டனாவோ முஸ்லிம் 'மோரோ'. ஆளைப் பார்க்க முன்னமே பெயர் தயாராக இருந்தது. பெயரோடு சேர்த்துப் பகையும் தயாராக இருந்தது.

அந்தப் பகை அவர்களுடைய ஊர்களில் எப்படி வளர்ந்தது, அங்கே முஸ்லிமாக இருந்து கிறிஸ்தவராக மாறிய சனமும் பழைய கிறிஸ்தவர்களும் ஒரே கிராமத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். மூதூரில் இருந்துகொண்டு ஸ்பெயின் கதை ஏன் என்று கேட்கலாம். காரணம் இருக்கு. 1609இல் அந்தச் சனத்தை ஸ்பெயினை விட்டுத் துரத்திய அதே அரச குடும்பம்தான், 1626இல் சோனகரை போர்த்துக்கேய இலங்கையை விட்டுத் துரத்தியது. 1580 தொடக்கம் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசர். அங்கே துரத்தியது தகப்பன் மூன்றாம் பிலிப். இங்கே துரத்தியது மகன் நாலாம் பிலிப்பின் காலத்தில். இடையில் 17 வருசம். இங்கே துரத்தப்பட்டவர்களில் பலர் வந்து சேர்ந்தது எங்கட கிழக்குக் கரைக்கு.

ஞானஸ்நானம் எடுத்தாலும் முடியவில்லை

1492இல் கிரனாடா விழுந்தது. ஸ்பெயினில் கடைசி முஸ்லிம் அரசு அது. சரணடைந்தபோது போட்ட ஒப்பந்தத்தில், சனம் தங்கட மார்க்கத்தில் இருக்கலாம், பள்ளிவாசல்கள் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்து பத்து வருசம்கூடத் தாங்கவில்லை. 1499இல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. 1502இல் கஸ்தீல் இராச்சியம் முழுக்க ஒரே கட்டளை: ஞானஸ்நானம் எடு, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ. 1520களில் வலென்சியாவுக்கும் அரகோனுக்கும் அதே நிலை.

பெரும்பாலான சனம் ஊரையும் காணியையும் விட மனமில்லாமல் ஞானஸ்நானம் எடுத்தது. அவர்களுக்குத்தான் 'மொரிஸ்கோ' என்று பெயர். மூர் என்ற சொல்லின் பிள்ளை அது. அதாவது, மதம் மாறிய பிறகும் பெயரில் பழைய மதம் ஒட்டிக்கொண்டே இருந்தது. சட்டத்தில் அவர்கள் 'புதிய கிறிஸ்தவர்', மற்றவர்கள் 'பழைய கிறிஸ்தவர்'. பல பதவிகளுக்கும் துறவற சபைகளுக்கும் போக, பரம்பரையில் முஸ்லிம் இரத்தமோ யூத இரத்தமோ இல்லை என்று நிரூபிக்கவேண்டி இருந்தது. 'இரத்தச் சுத்தம்' என்று அதற்குப் பெயர். மாறு மாறு என்று சொன்னவர்களே, மாறினவரைப் பார்த்து நீ மாறினாலும் மாறவில்லை என்றார்கள்.

இனிக் கிராமத்துக்கு வருவோம். ஒரே கோவிலில் பூசை, ஒரே சந்தை, ஒரே வாய்க்கால் தண்ணீர். பக்கத்து வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எண்ணெயில் பொரிக்கிறார்களா, பன்றிக் கொழுப்பில் பொரிக்கிறார்களா என்று வாசத்திலேயே தெரியும். யார் வெள்ளிக்கிழமை உடுப்பு மாற்றுகிறார், யார் ஒரு மாசம் பகலில் சாப்பிடாமல் இருக்கிறார், யார் கல்யாணத்துக்குக் கையில் மருதோன்றி போடுகிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விசயம். மத விசாரணை மன்றம் கேட்டதும் இதைத்தான். அந்த மன்றத்தின் பல வழக்குகள் தொடங்கியது அயலவரும் வேலைக்காரரும் சொன்ன அடுப்படிக் கதைகளில் இருந்துதான். பகை இல்லாத இடத்தில் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஒரு விசயம், காணித் தகராறு வந்ததும் சாட்சியாகிவிடும்.

1567இல் கிரனாடாவில் இன்னும் இறுக்கினார்கள். அரபு மொழி பேசக்கூடாது, அந்த உடுப்பு உடுக்கக்கூடாது, குளிப்பிடங்கள் இருக்கக்கூடாது. அப்போது பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலெய் என்ற வயதான மொரிஸ்கோ பிரமுகர் அதிகாரிகளுக்கு நீண்ட மனு ஒன்று கொடுத்தார். அவருடைய வாதம் நேரானது. எங்கட உடுப்பு மார்க்கத்தின் உடுப்பு இல்லை, இந்தப் பிரதேசத்தின் உடுப்பு. மருதோன்றி தொழுகை இல்லை, பழக்கம். கிழக்கு நாடுகளில் கிறிஸ்தவர்களே அரபு பேசுகிறார்கள், அதனால் அவர்கள் கிறிஸ்தவர் இல்லை என்றாகிவிடுமா?

இதை நாங்கள் கிழக்கில் இருந்து வாசிக்கும்போது வேற மாதிரிப் படுகிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு எடுப்பது எங்கட பக்கம் தமிழருக்கும் இருக்கு, முஸ்லிம்களுக்கும் இருக்கு. பேசுகிற தமிழும் ஒன்று. இது கோவில் தந்ததும் இல்லை, பள்ளிவாசல் தந்ததும் இல்லை, ஊர் தந்தது. நூனியெஸ் முலெய் கேட்டதும் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளச் சொல்லித்தான். கேட்கவில்லை. அடுத்த வருசம் கிளர்ச்சி வெடித்தது. 1571 வரை போர். கிரனாடா மொரிஸ்கோக்கள் பல்லாயிரம் பேரைப் பிடுங்கி கஸ்தீல் முழுக்கச் சிதறடித்தார்கள்.

1609 ஏப்ரல் 9ஆம் திகதி அரசு முடிவெடுத்தது: மொரிஸ்கோக்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். அதே நாளில்தான் ஒல்லாந்தரோடு 12 வருசப் போர் நிறுத்தமும் கையெழுத்தானது. வெளியே தோற்ற மானத்தை உள்ளே சனத்தைத் துரத்தி ஈடுகட்டினார்கள் என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். 1614க்குள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். நூறு வருசத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அவர்கள். சில இடங்களில் சின்னப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்து, பழைய கிறிஸ்தவர் வீடுகளில் விட்டார்கள்.

திரும்பித் திரும்பி வந்த ஊர்

இதே கதையில் இன்னொரு ஊரும் இருக்கு. ஸ்பெயினின் நடுவில் லா மாஞ்சா சமவெளியில் வில்லாருபியா டெ லோஸ் ஓகோஸ் என்று ஒரு ஊர். பிரிட்டிஷ் ஆய்வாளர் டிரெவர் டாட்சன் இந்த ஊரின் பத்திரங்களைத் தோண்டி 2007இல் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதுவரைக்கும், பழைய கிறிஸ்தவர் எல்லாரும் மொரிஸ்கோக்களை வெறுத்தார்கள், போனதும் நிம்மதி என்று இருந்தார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்லப்பட்டது. இந்த ஊர் அப்படி இல்லை.

1611க்கும் 1613க்கும் இடையில் இந்த ஊர் மொரிஸ்கோக்களை மூன்று தரம் வெளியேற்றினார்கள். ஒவ்வொரு தரமும் சனம் திரும்பி வந்தது. எப்படி வந்தது? ஊர் ஏற்றுக்கொண்டது. அயலவர் காட்டிக் கொடுக்கவில்லை. உள்ளூர் அதிகாரிகள் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். ஊரின் பிரபு சலீனாஸ் கோமகன் தியேகோ டெ சில்வா, தன் ஊராக்களுக்காக அரசவையில் வாதாடினார். கஸ்தீலில் வெளியேற்றத்துக்குப் பொறுப்பாக இருந்த சலாசார் கோமகனோ, துரத்தத் துரத்த வருகிறார்கள், ஊர் நீதவான்களே ஒளித்து வைக்கிறார்கள் என்று அரசருக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டே இருந்தார்.

இதில் பிரபு நல்லவர் என்று மட்டும் முடிக்க ஏலாது. வயல் செய்கிற சனம் போனால் அவருடைய வருமானமும் போகும். முக்கியமான விசயம் அந்த ஊர் அமைப்பில் இருக்கு. 1502இல் மதம் மாறியபோது, அந்தப் பகுதி மொரிஸ்கோக்கள் பழைய கிறிஸ்தவருக்குரிய அதே உரிமைகளை எழுத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். அதனால் ஊரில் பதவி வகித்தார்கள், காணி வைத்திருந்தார்கள், கல்யாணக் கலப்பும் இருந்தது, வழக்குப் பேசவும் தெரிந்திருந்தது. அவர்களைத் துரத்தினால் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகனும், கடன் தர வேண்டியவரும், கணக்கு எழுதுபவரும் போவார்கள். யாரை எங்கே பிரிப்பது?

வலென்சியாவில் பல கிராமங்கள் முழுக்க முழுக்க மொரிஸ்கோக் கிராமங்கள். அங்கே வெளியேற்றம் கெதியாக நடந்து முடிந்தது. ஒரு நாள் இருந்த ஊர் அடுத்த நாள் வெறும் ஊர். ஒளித்து வைக்க அயல்வீடு என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. அயலவர் எங்கேயும் நல்லவராகத்தான் இருப்பார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மத விசாரணை மன்றத்துக்குக் கதை சொன்னவரும் அயலவர்தான். ஆனால் காப்பாற்றக்கூடியவர் என்று ஒருவர் இருந்தால் அவரும் அயலவராகத்தான் இருக்க முடிந்தது.

செர்வாந்தேஸ் 1615இல் வெளியிட்ட தொன் கிகோத்தே இரண்டாம் பாகத்தில் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கு. சாஞ்சோ பான்சாவின் ஊர்க் கடைக்காரர் ரிகோத்தே ஒரு மொரிஸ்கோ. துரத்தப்பட்டவர், ஜெர்மன் யாத்திரிகர் வேசத்தில் திரும்பி வருகிறார். வழியில் சாஞ்சோ அவரை அடையாளம் காண்கிறார். ரெண்டு பேரும் கட்டிப் பிடித்து, இருந்து சாப்பிடுகிறார்கள், வைன் குடிக்கிறார்கள். புதைத்து வைத்த பணத்தை எடுக்க உதவு என்று ரிகோத்தே கேட்க, அரசருக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்கிறார் சாஞ்சோ. ஆனால் உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார். சாஞ்சோ புரட்சிக்காரர் இல்லை, அரச கட்டளை பிழை என்றும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு போனார். பல ஊர்களில் சனம் செய்ததும் அந்தளவுதான். அந்தளவே ஒரு உயிருக்குப் போதுமாக இருந்தது.

கொட்டியாற்றுக் கரை

இனி எங்கட கரைக்கு வருவோம். 1618இல் இலங்கையில் போர்த்துக்கேயத் தளபதியாக வந்தவர் கொன்ஸ்தாந்தீனு டி சா. 1620களில் திருகோணமலையில் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர் இவர்தான். எங்கட ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயசிலேயே தெரியும். பலருக்குத் தெரியாதது, 1626இல் அரச கட்டளைப்படி போர்த்துக்கேயப் பகுதிகளில் இருந்து சோனகரை வெளியேற்றியதும் இதே ஆள்தான் என்பது. கோவில் உடைந்த கதையைத் தமிழர் தனியாகச் சொல்கிறோம், துரத்தப்பட்ட கதையை முஸ்லிம்கள் தனியாகச் சொல்கிறோம். செய்த கை ஒன்று.

துரத்தப்பட்டவர்களைக் கண்டி அரசர் செனரத் ஏற்றுக்கொண்டார். 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று, 1687இல் கோவாவில் இருந்து எழுதிய இயேசு சபைக் குரு பெர்னாவ் டி குவெய்ரோஸ் பதிந்திருக்கிறார். கிழக்கில் அதற்கு முன்னமே சோனகர் இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. துறைமுகம் உள்ள இடமெல்லாம் அவர்கள் வியாபாரம் செய்தார்கள். 1626இல் வந்தவர்கள் வெறும் நிலத்துக்கு வரவில்லை, தெரிந்த சனம் உள்ள கரைக்கு வந்தார்கள்.

செனரத்துக்கும் தேவை இருந்தது. கண்டி மலை நாடு. உப்பும் கருவாடும் துணியும் உள்ளே போகவேண்டும், பாக்கு வெளியே வரவேண்டும். பொதி மாட்டில் சாமான் ஏற்றிப் போகும் தவளம் சோனகர் கையில் இருந்தது. கண்டிக்குக் கடல் வாசல்களாக இருந்தவை கிழக்கில் கொட்டியாறும் மட்டக்களப்பும். மகாவலி கடலில் விழுகிற எங்கட கொட்டியாற்றுக் குடாவில்தான் 1612இல் ஒல்லாந்தர் செனரத்தோடு ஒப்பந்தம் செய்து கோட்டை ஒன்று கட்டத் தொடங்கினார்கள். போர்த்துக்கேயர் வந்து அதை அழித்தார்கள்.

கதை இதோடு நின்றிருந்தால், துரத்தியவர் கிறிஸ்தவர், துரத்தப்பட்டவர் முஸ்லிம், காப்பாற்றியவர் பௌத்த அரசர் என்று சுகமாக முடித்துவிடலாம். ஆனால் 1658இல் சக்கரம் சுற்றியது. போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை யாராவது ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். இப்போது ஓடி ஒளியவேண்டி வந்தது கத்தோலிக்கருக்கு. யாழ்ப்பாணத்தில் உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் சனம் ஒல்லாந்தரின் ஞானஸ்நானப் பதிவில் பெயரை எழுதிவிட்டு, வீட்டுக்குள்ளே பழைய வழிபாட்டைச் செய்தது. மொரிஸ்கோக்கள் செய்ததும் இதைத்தானே.

கத்தோலிக்கர் எங்கே போனார்கள்? அதே கண்டி இராச்சியத்துக்கு. மாத்தளைப் பக்கம் வாகக்கோட்டை என்ற கத்தோலிக்கக் கிராமம் அந்தக் காலத்தின் மிச்சம். 1687இல் கோவாவில் இருந்து கூலியாள் வேசத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளாரை முதலில் உளவாளி என்று கண்டியில் அடைத்தார்கள். பிறகு விட்டார்கள். கண்டியைத் தளமாக வைத்து அவர் தலைமறைவுச் சபையைக் கட்டினார். கொட்டியாறு வரை நடந்து திரிந்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தார். சோனகரை 1626இல் ஏற்றுக்கொண்ட இராச்சியம், சோனகரைத் துரத்தியவர்களின் மதத்தாரை அறுபது எழுபது வருசத்துக்குள் ஏற்றுக்கொண்டது.

மூதூர்க் கரையில் பிடிபட்ட ரொபட் நொக்ஸ் இதற்கு இன்னொரு சாட்சி. 'ஆன்' என்ற கப்பல் புயலில் பாய்மரம் உடைந்து கொட்டியாற்றுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நொக்ஸையும் தகப்பனையும் பிடித்தார்கள். பிடித்த இடம் ஒரு புளியமரத்தடி என்று எங்கட ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். தகப்பன் அடுத்த வருசம் காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருசம் கண்டியில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் வந்த அவருடைய நூலில், கண்டி நகரில் சோனகருக்கு ஒரு பள்ளி இருந்ததையும், அதற்கு ஒவ்வொரு காணிக்காரரும் ஒரு பணம் கொடுக்கவேண்டும் என்று முன்னைய அரசர்கள் விதித்திருந்ததையும் எழுதியிருக்கிறார். கட்டியவர் மார்க்கம் வேற, காசு கொடுத்தவர் மார்க்கம் வேற.

இதைப் பொற்காலம் என்று காட்ட எங்களுக்கு விருப்பம் இல்லை. அதே அரசுதான் நொக்ஸை விடாமல் வைத்திருந்தது. 1740களில் அதே கண்டி கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தியது. அரசரின் அடைக்கலம் அரசரின் தேவை இருக்கும் மட்டும்தான். ஸ்பெயினில் எழுத்தில் கொடுத்த வாக்கும் பத்து வருசம்தான் நின்றது. மேலே இருந்து வருவது மேலே இருந்தே போகும். அதனால்தான் நாங்கள் திரும்பத் திரும்ப அயல்வீட்டுக்கே வருகிறோம்.

எங்கட கணக்கு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2006 ஏப்ரலில் அரச படைகளின் குண்டுவீச்சில் சம்பூர்ச் சனம் வெளிக்கிடத் தொடங்கியது. பிறகு அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது, 2015 வரை பலர் திரும்ப முடியவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் நகருக்குள் சண்டை வந்தபோது முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் கந்தளாய்க்கு நடந்தார்கள். அதே நாட்களில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். எங்களில் சிலர் அந்த வருசம் கைக்குழந்தைகள், சிலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வில்லாருபியாவையும் வலென்சியாவையும் வைத்து எங்கட ஊரை அளந்தால் நாங்கள் எந்தப் பக்கம்? தமிழ்ப் பாடசாலை வேற, முஸ்லிம் பாடசாலை வேற. தமிழ்க் கிராமம் முடிய முஸ்லிம் கிராமம் தொடங்கும். ஒரே மொழி பேசி, ஒரே பரீட்சை எழுதி, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் 18 வயசு வரை வளர ஏலும். சந்திக்கிற இடம் சந்தை, வயல், ஆஸ்பத்திரி, திருகோணமலைக்குப் போகிற லாஞ்சி. போர் இந்தப் பிரிவைக் கூட்டியது. பயந்த சனம் தன் சனத்தோடு சேர்ந்து இருந்தது, அதைப் பிழை சொல்ல ஏலாது. ஆனால் அடுத்த பக்கத்து அடுப்படி எங்களுக்குத் தெரியாமல் போனால், மேலே இருந்து ஒரு கட்டளை வரும் நாளில் நாங்கள் சாட்சி சொல்லவும் மாட்டோம், ஒளித்து வைக்கவும் மாட்டோம். யார் போகிறார்கள் என்றே தெரியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்போம்.

ஒரு விசயத்தைக் கடைசியாகச் சொல்லவேண்டும். வில்லாருபியாவில் அயலவர் ஒளித்து வைத்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒளித்தவர்கள் எழுதி வைக்கவில்லை, எழுதினால் மாட்டுவார்கள். ஆத்திரத்தில் சலாசார் எழுதிய முறைப்பாடுகளில் இருந்தும், திரும்பி வந்தவர்கள் தங்கட காணிக்காகப் பேசிய வழக்குகளில் இருந்தும்தான் அது வெளியே தெரிந்தது. எங்கட கரையில் அப்படி முறைப்பாடு எழுதிய அதிகாரியும் இல்லை, அந்த வழக்குக் கட்டுகளும் இல்லை. 1990இல், 2006இல், யார் யாருடைய வீட்டுத் திறப்பை வாங்கி வைத்திருந்தார், யார் யாருடைய மாட்டுக்குத் தண்ணி வைத்தார், யார் கேட்டவனிடம் தெரியாது என்று சொன்னார், யார் சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் உம்மாமாரிடமும் அம்மம்மாமாரிடமும்தான் இருக்கு. நல்லதும் கெட்டதும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், ஊரும் வருசமும் போதும். உங்கள் வீட்டுக் கதையை மட்டும் இல்லாமல், அடுத்த பக்கத்து வீடு ஒன்றுக்கும் போய் அங்கே ஒரு கதையையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.